சோத்தாங்கைப் பக்கம்

ஏண்டி, கழுத்துல மஞ்சக்கயிறு இன்னும் நெறம் மாறல, அதுக்குள்ள எங்க வீட்டுக் கெணத்தோட சாதகம் வேணுமாக்கும் உனக்கு? தண்ணி எறைக்கப் போனவ எறைச்சமா, தூக்குனமா, வந்தமான்னு இருக்க மாட்டியா? கெணத்துக்கு ஏன் ரெண்டு உருளை, காடு ஏன் காயப் போட்ட வேட்டி மாதிரி நீட்டமா ரெண்டாக் கெடக்கு, வரப்பு ஏன் நேராப் போயி கெணத்துக்குள்ள விழுகுது... அடேயப்பா! உன் புருசன், எம் பேரன், இங்கனயே பொறந்து இங்கனயே பொரண்டவன். ஒருநா கேட்டிருப்பானா? அவனுக்குச் சோத்துச் சட்டி எங்கன இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். நீ படிச்சவ, கேள்வி கேக்காட்டி ஒனக்குத் தூக்கம் வராது. நான் ரெண்டாப்பு வரைக்கும் போனேன். அதுவும் ஒருநா வாத்தியாரு கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போனாக, நானும் கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்தேன். அவுக திரும்பிப் போனாக. நான் போகல. அம்புட்டுத்தேன் எம் படிப்பு.

சரி, உக்காரு. அந்தப் புளிய இழுத்துக்க, கொட்டை எடு. கையும் வேல செய்யட்டும், காதும் வேல செய்யட்டும். வாய் மட்டும் லீவு.

சொதந்திரம் வந்து கொஞ்ச வருசம் ஆயிருக்கும். தனுஷ்கோடிப் புயலுக்கெல்லாம் ரொம்ப முந்தி. எங்கய்யா எங்க ரெண்டு பேரையும் ஒரே பந்தல்ல, ஒரே வீட்டு அண்ணந்தம்பிக்குக் கட்டிக் குடுத்துட்டாக. எங்கக்கா மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. மூத்தவரை நான் பெரிய மச்சான்னு கூப்புடுவேன். மேளக்காரனுக்கு ஒரு சாப்பாடு, ஐயருக்கு ஒரு சாப்பாடு மிச்சம் பாரு, எங்கய்யாவுக்கு அதுல ஒரு சந்தோசம்.

எங்க மாமனாருக்கு இருந்தது இந்தக் காடு ஒண்ணுதான். அப்ப நடுவுல வரப்பே கெடையாது. வடக்குப் பாதியில நல்ல தண்ணிக் கெணறு, அதச் சுத்தி மொளகாச் செடி. தெக்குப் பாதி கடலுப் பக்கம். மணலு, பனை. அங்கன தோண்டுனா உப்புத் தண்ணிதான் வரும், ஆடுகூட மோந்து பாத்துட்டுத் தலைய ஆட்டிக்கிட்டுப் போயிரும். பனையும் வேணுந்தான். கருப்பட்டி, ஓலை, வெறகு எல்லாம் அங்கனருந்துதான். ஆனாத் தண்ணி இல்லாம பனைய வச்சிக்கிட்டு யாரு என்ன பண்ண?

மாமனாரு கடைசியில வீட்டுக்குள்ள கெடக்க மாட்டேன்னுட்டாக. "என்னையக் கொண்டுபோயி காட்டுல போடுங்கடா, காத்தாவது அடிக்கும்"னாக. காட்டுக்கு நடுவுல ஒரு ஓலக் கொட்டகை போட்டு, கயித்துக் கட்டில்ல படுக்க வச்சோம். காத்து மாற மாறக் கட்டிலையும் திருப்பச் சொல்லுவாக. ஒரு நேரம் தலை கெழக்க இருக்கும், ஒரு நேரம் மேக்க இருக்கும். ஒருநா உச்சிப் பொழுதுல ரெண்டு மகனையும் கூப்புட்டாக. "பெரியவனே, என் சோத்தாங்கைப் பக்கம் ஒனக்கு. சின்னவனே, பீச்சாங்கைப் பக்கம் ஒனக்கு. அடிச்சுக்காதீகடா"ன்னாக. கண்ண மூடுனாக. போயிட்டாக.

அடிச்சுக்காதீகன்னு சொல்லிட்டுப் போனா எந்தப் பய அடிச்சுக்காம இருக்கான், சொல்லு.

பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சு, எலையக்கூட எடுக்கல. பெரிய மச்சான் மெதுவா, "அய்யா தலை கெழக்கதான இருந்துச்சு"ன்னாக. மல்லாக்கப் படுத்த ஆளுக்குத் தலை கெழக்க இருந்தா, வலது கை வடக்க வரும். வடக்க கெணறு. எங்க வீட்டுக்காரரு பாயசத்தக் கீழ வச்சுட்டு, "மேக்கதான் இருந்துச்சு"ன்னாக. தலை மேக்க இருந்தா வலது கை தெக்க போயிரும். அப்ப அண்ணனுக்குப் பனை, தம்பிக்குக் கெணறு. நீ படிச்சவதான, வேணும்னா நீயும் படுத்துப் பாரு.

அன்னைலருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னுபோச்சு. நேராத் திட்டுனாத் தப்பாயிருமுன்னு ஆட்டைப் பாத்துத் திட்டுவாக. "ஏய், பங்கு திருடித் திங்கிற ஆடே!"ன்னு இவுக சொல்ல, "போ, அப்பன் சொல்லுக்கு அடங்காத ஆடே!"ன்னு அவுக சொல்ல, அந்த ஆடு பாவம் நடுவுல நின்னு முழிக்கும். அது எங்களோட ஆடுகூட இல்ல.

ஊருல பெரியவுக கூடி ஒரு ஏற்பாடு பண்ணுனாக: சங்கதி முடியிற வரைக்கும் கெணத்துல யாரும் வாளி போடக் கூடாது. அவுகளுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிட்டாக. அது தை மாசம். மழை முடிஞ்சிருச்சு. மொளகாச் செடி பூவும் பிஞ்சுமா நிக்கிது. செடிக்குச் செடி கொடத்துல மொண்டு ஊத்துனாத்தேன் பொழைக்கும். ஊத்தாம விட்டா எலை சுருண்டு, பூ உதுர ஆரம்பிச்சிருச்சு. கெணறு நெறையத் தண்ணி, கரையில நிக்கிற செடி சாகுது. அந்த வெள்ளாமை போச்சுன்னா ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரியாது.  நீ கொட்டை எடுக்குறியா, இல்ல என் வாயப் பாக்குறியா?

இதுக்கு மேல பெரிய மச்சான், "திங்கக்கெழமை பஸ்ஸுக்கு ராமநாதபுரம் போறேன், வக்கீலப் பாக்குறேன்"னுட்டாக. எங்க வீட்டுக்காரரு விடுவாகளா? "நானும் போறேன்"னாக. எங்கூருக்கு வார பஸ்ஸு ஒண்ணே ஒண்ணு. அண்ணனும் தம்பியும் கேசு போட ஒரே பஸ்ஸுல, பக்கத்துப் பக்கத்து சீட்டுல உக்காந்துதான் போகணும். நான் அதச் சொல்லிச் சிரிச்சேன்னு என்கிட்டயும் ஒருநா பேசல.

நானும் எங்கக்காளும் பேசக் கூடாதுன்னு உத்தரவு. காஞ்சு விழுந்த காவோல பொறக்கப் பனங்காட்டுக்குப் போவோம். அங்கன பனைக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். மொத நாளு ரெண்டு பேரும் அழுதோம். ரெண்டாம் நாளு திட்டிக்கிட்டோம், அவ புருசன நானும், என் புருசன அவளும். மனசு லேசாச்சு. மூணாம் நாளு எங்கக்கா ஒரு வார்த்தை சொன்னா. சொன்னவ ஓலைய நழுவ விட்டுட்டு என்னையப் பாத்தா. நான் அவளப் பாத்தேன். அது என்ன வார்த்தையின்னு இப்பச் சொல்ல மாட்டேன், நீ அடிக்கடி கொட்டையவும் சேத்துப் போடுற.

"இத இப்பவே போயிச் சொல்லிருவமா?"ன்னா அக்கா.

"அடி கூறுகெட்டவளே, இப்பச் சொன்னா யாருக்குத் தோதோ அவரு புடிச்சுக்குவாரு, மத்தவரு பொய்யின்னுவாரு. மொதல்ல ரெண்டு பேரும் ஊருக்கு முன்னால நின்னு, தலை இங்கன இருந்துச்சு, அங்கன இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணட்டும். வழி வாசலெல்லாம் அடைச்ச பெறகு சொல்லுவோம்"னேன்.

"நீ எங்கய்யாவுக்குப் பொறந்தவ இல்லடி, வக்கீலுக்குப் பொறந்தவ"ன்னா.

சரி, சத்தியம் வாங்க ஒரு ஆளு வேணுமே. அப்பத்தான் மரைக்காயர நெனச்சோம். பக்கத்துப் பட்டணத்துல தோணி வச்சு யாவாரம் பண்ணுனவுக. எங்க மொளகா, கருப்பட்டியெல்லாம் அவுக தோணியிலதான் இலங்கைக்குப் போகும். எங்க மாமனாரும் அவுகளும் மாப்ள, மச்சான்னுதான் பேசிக்கிருவாக. நோம்புப் பெருநாளைக்கு அங்கனருந்து சோறு வரும், பொங்கலுக்கு இங்கனருந்து கரும்பு போகும். இந்த ரெண்டு பயலுகளையும் தோள்ல தூக்கிக் கடலு காட்டுனவுக. கருவாடு விக்க வார, மாதா கோயிலுக்குப் போற வேதக்கார அக்கா ஒருத்திகிட்ட சேதி சொல்லிவிட்டோம். ஞாயித்துக்கெழமை காலம்பர மாட்டு வண்டியில வந்து எறங்குனாக. நல்ல பெருத்த ஒடம்பு. அவுக எறங்குனதும் வண்டி ஒரு மூச்சு விட்டுச்சு.

காட்டுலயே பாயப் போட்டு உக்காந்தாக. ஊரு ஆம்பளைக கொஞ்சம் பேரு வந்து சுத்தி நின்னுக்கிட்டாக. மரைக்காயரு எடுத்த எடுப்புல சொன்னாக: "மருமகனுகளா, தீர்ப்புச் சொல்ல நான் ஜட்ஜும் இல்ல, காஜியும் இல்ல. தீர்ப்பு வேணும்னா நாளைக்கு பஸ்ஸு இருக்கு, ஏறுங்க. என்னால ஆகுறது, ரெண்டு பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் இங்கன உக்காந்திருக்கிறது ஒண்ணுதான். சோறு தண்ணி குடுத்தா ராத்திரி வரைக்கும் இருப்பேன்."

"மரைக்காரு மாமா, இதுல பேச என்ன இருக்கு? அய்யா தலை கெழக்க..." இது பெரிய மச்சான்.

"மேக்க!" இது எங்க வீட்டுக்காரரு.

"ஏலே, ஒருத்தன் பேசுறப்ப ஒருத்தன் கேளு. ஒங்கப்பன் படுத்த கட்டிலு இருக்கா? கொண்டாங்க. நானே படுக்கிறேன். எப்புடிக் கெடந்தாருன்னு நீங்களே காட்டுங்க."

கட்டிலு வந்துச்சு. "பிஸ்மில்லா"ன்னு சொல்லிப் படுத்தாக. கயிறு கீச்சுன்னு கத்துச்சு. "நான் மவுத்தாகிக் கண்ண மூடுன ஆளு மாதிரி படுத்தேன்னு எங்க வீட்டுல யாரும் சொல்லிப்புடாதீங்கப்பா, அவ ரெண்டு நாளைக்குச் சோறு போட மாட்டா"ன்னு படுத்துக்கிட்டே சொன்னாக.

பெரிய மச்சான் கட்டில ஒரு பக்கம் புடிச்சு, தலை கெழக்க வாரமாதிரி இழுத்தாக. எங்க வீட்டுக்காரரு மறுபக்கம் புடிச்சு மேக்க திருப்புனாக. அவுக மறுபடியும் கெழக்க. இவுக மறுபடியும் மேக்க. கட்டிலோட சேந்து மரைக்காயரும் சுத்துறாக.

"ஏலே! நான் என்ன செக்கா? எண்ணெ எடுத்துருவீக போலருக்கே! நிறுத்துங்கடா. பேச்சு வேணாம், ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க. பெறகு மாத்திப் பேசக் கூடாது."

பெரிய மச்சான் கெணத்தப் பாத்துக் கைய நீட்டி, "இந்தத் தண்ணி மேல சத்தியம், அய்யா தலை கெழக்க"ன்னாக. எங்க வீட்டுக்காரரும் கைய நீட்டி, "இந்தத் தண்ணி மேல சத்தியம், மேக்க"ன்னாக. நான் எங்கக்காளப் பாத்தேன். அவ கூழுச் சட்டியத் தூக்கிக்கிட்டு வந்தா.

கேப்பக் கூழு, சுட்ட கருவாடு. மரைக்காயரு படுத்த வாக்குல வலது கைய நீட்டுனாக. எங்கக்கா அந்தக் கைய விட்டுட்டு, கட்டில ஒரு சுத்துச் சுத்தி, இடது கைப் பக்கம் போயி நின்னு கிண்ணத்த நீட்டுனா.

"ஆத்தா, அந்தக் கையில நாங்க வாங்கித் திங்க மாட்டோம்மா. இங்கிட்டு வா."

எங்கக்கா தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா: "நீங்கதான மாமா இப்ப எங்க மாமனாரு? எங்க மாமனாருக்குச் சோத்தாங்கை இதுதான்."

மரைக்காயரு நீட்டுன கைய மடக்கிக்கிட்டாக.

இப்பப் புரியுதா உனக்கு? கடைசிக் காலத்துல மாமனாருக்கு வாதம் அடிச்சு வலது கை விழுந்துபோச்சு. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா இடது கையில சாப்புடுறத ஆம்பளைக யாருக்கும் காட்ட மாட்டாக, மானம் போயிருமாம். வீட்டுல கெடந்தப்ப, மகனுக காட்டுக்குப் போன பெறகு, கதவச் சாத்திக்கிட்டு, எங்க ரெண்டு பேருக்கு முன்னால மட்டும் சாப்புடுவாக. மொத நாளு இடது கைய நல்லாத் தேச்சுக் கழுவிட்டு, அதப் பாத்து, "இம்புட்டு நாளா உன்னைய வேற வேலைக்கு வச்சிருந்தேன், கோவிச்சுக்காத. இனிமே நீதான் என் சோத்தாங்கை"ன்னாக. நானும் அக்காளும் முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டுச் சிரிச்சோம். அவுகளும் சிரிச்சாக, கண்ணுல தண்ணியோட. அதத்தான் எங்கக்கா பனங்காட்டுல கேட்டா: "ஏண்டி, மாமா சோத்தாங்கைன்னு சொன்னது எந்தக் கைய?"

சோறு திங்கிற கைதான சோத்தாங்கை? ஆனா அவுக பழைய பழக்கத்துல வலது கையச் சொன்னாகளா, புதுசா இடது கையச் சொன்னாகளா? எனக்கு இன்னைக்கும் தெரியாது. மேல போயிக் கேட்டாத்தேன் உண்டு, நான் ஒண்ணும் அவசரப்படல.

நீ அந்த ரெண்டு ஆம்பளைக மூஞ்சியப் பாத்திருக்கணும். பெரிய மச்சான் வெரல மடக்குறாக, நிமித்துறாக. தலை கெழக்க இருந்தா இடது கை தெக்க. அப்பச் சோத்தாங்கைப் பக்கம் பனை! தான் பண்ணுன சத்தியத்துலயே தனக்குப் பனைதான். இங்கிட்டு எங்க வீட்டுக்காரரும் கணக்குப் போடுறாக. தலை மேக்க இருந்தா இடது கை வடக்க. அண்ணனுக்கே கெணறு போகுது! 

பெறகு பெரிய மச்சான் தொண்டையச் செருமிக்கிட்டு, "இப்ப யோசிச்சுப் பாத்தா... அன்னைக்குக் காத்து மாறிருந்துச்சுல்ல. தம்பி சொன்னது சரிதான் போலருக்கு. மேக்கதான் தலை"ன்னாக.

எங்க வீட்டுக்காரரு துள்ளி விழுந்து, "இல்லண்ணே! நீ மூத்தவன், ஒனக்குத் தெரியாததா? நீ சொன்னதுதான் சரி, கெழக்கதான்"னாக.

"இல்லடா தம்பி, நீதான் பக்கத்துல நின்ன."

"இல்லண்ணே, நீதான் தலமாட்டுல நின்ன."

ஆட்டைப் பாத்துத் திட்டுன அண்ணந்தம்பி அண்ணே, தம்பீன்னு இம்புட்டு மரியாதையாப் பேசி யாரு பாத்தா? பெரிய மச்சான் கட்டில இழுத்து மேக்க திருப்புறாக, இவுக கெழக்க இழுக்குறாக. மாத்தி மாத்தி இழுக்குறப்பவே சுத்தி நின்ன ஆளுக சிரிக்க ஆரம்பிச்சிட்டாக. மரைக்காயரு வயிறு குலுங்குது. மொதல்ல எங்க வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துருச்சு, கை தளந்துச்சு. அதப் பாத்துப் பெரிய மச்சானுக்கும் வந்துருச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கட்டில விட்டாக. மடக்குன்னு ஒரு காலு ஒடிஞ்சு கட்டிலு மணலுக்குள்ள எறங்கிருச்சு. கெழக்கயும் இல்ல, மேக்கயும் இல்ல. தலை தெக்க பனையப் பாத்து, காலு வடக்க கெணத்தப் பாத்து, அப்புடியே நின்னுபோச்சு.

தூக்கிவிட ஓடுனோம். "யாரும் கிட்ட வராதீங்க!"ன்னு மரைக்காயரு கையக் காட்டி நிறுத்துனாக. படுத்தபடியே காலப் பாத்தாக. ரெண்டு பக்கமும் பாத்தாக. ரெண்டு கையையும் விரிச்சாக.

"மருமகனுகளா, இங்கன வந்து பாருங்க. இப்ப என் வலது கைப் பக்கம் பாதிக் கெணறு, பாதிப் பனை. இடது கைப் பக்கம் பாதிக் கெணறு, பாதிப் பனை. எந்தக் கை சோத்தாங்கையா இருந்தா என்னடா? எந்தக் கையில தின்னாலும் சோறு இருக்கு."

ரெண்டு பேரும் கிட்ட வந்து குனிஞ்சு பாத்தாக.

"நான் தீர்ப்புச் சொல்லல. கேக்குறேன். பெரியவனே, ஒனக்கு எது பயம்?"

"தண்ணி இல்லாமப் போயிருமேன்னுதான், மாமா."

"சின்னவனே, ஒனக்கு?"

"அதேதான், மாமா."

"இதச் சொல்லத்தான் ராமநாதபுரம் வரைக்கும் போறேன்னீகளா? கேசு நடந்தா உங்க மொளகாச் செடி ஜட்ஜுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? அந்தா பாரு, இப்பவே தலையத் தொங்கப் போட்ருச்சு."

பெரிய மச்சான் செடியப் பாத்தாக. ரொம்ப நேரம் பாத்தாக. பெறகு தம்பி தோள்ல இருந்த மணலத் தட்டிவிட்டாக. "கோடு எப்புடிப் போடுறது, மாமா?"ன்னு மெதுவாக் கேட்டாக.

ஒடிஞ்ச கட்டில்ல இருந்து மரைக்காயர எழுப்பி விட்டோம். கட்டிலு கயித்த எங்க வீட்டுக்காரரு உருவுனாக. அது பத்தாம வாளிக்கயித்தையும் சேத்துக் கட்டி, கெணத்து நடுவுல இருந்து தெக்க கடைசிப் பனை வரைக்கும் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையப் புடிச்சு இழுத்தாக. அதுதான் நீ கேட்ட வரப்பு. ரெண்டு உருளையும் அப்பப் போட்டதுதான்.

"கெழக்கு யாருக்கு, மேக்கு யாருக்கு?"ன்னு கூட்டத்துல ஒரு எடுபட்ட பய கேட்டான். அண்ணனும் தம்பியும் மறுபடியும் ஒருத்தர ஒருத்தர் பாக்க ஆரம்பிச்சாக. மரைக்காயரு சட்டுன்னு, "தண்ணி சுமக்குறது யாரு? அவளுகளக் கேளுங்க. ஆனா இந்தக் காட்டுல சோத்தாங்கை, பீச்சாங்கைன்னு இனிமே எவனும் வாயத் தொறக்கக் கூடாது"ன்னாக.

எங்கக்கா, "கெழக்க எனக்கு"ன்னா. "மேக்க எனக்கு"ன்னேன். பனங்காட்டுலயே பேசி வச்சதான்னு கேக்காத. கொட்டைய எடு.

மொத வாளிய எங்க வீட்டுக்காரருதான் போட்டாக. எறைச்ச தண்ணியக் கொண்டுபோயி கெழக்க, அண்ணன் பங்குச் செடிக்கு ஊத்துனாக. பெரிய மச்சான் வாளிய வாங்கி, எறைச்சு, மேக்க எங்க பங்குக்கு ஊத்துனாக. நானும் அக்காளும் கொடத்த எடுத்துக்கிட்டு ஓடுனோம். மரைக்காயரு கூழு கேட்டாக, வலது கையில குடுத்தோம். கருவாடு தீந்துபோச்சுன்னு ரொம்ப வருத்தப்பட்டாக. திங்கக்கெழமை பஸ்ஸு எங்கூருக்கு வந்துச்சு, ஆரன் அடிச்சுச்சு. யாரும் ஏறல. செடி பாதி போனது போனதுதான். மிச்சம் நிமுந்துருச்சு.

எதுத்த வீட்டுக்காரிகளச் சொல்ல மறந்துட்டேனே. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சங்கதி தூக்கிக்கிட்டு அலைஞ்சதே அவளுகதான். அன்னைக்குன்னு பாத்துக் கடலாடிச் சந்தைக்குப் போயிருந்தாளுக. இம்புட்டு நாளா ஊதிவிட்டு, கொதிக்கிறப்ப ஊருல இல்ல. சாயங்காலம் கூடைய எறக்கி வைக்கக்கூட இல்ல, ஓடியாந்தாளுக. "என்னடி, மரைக்காயரு வந்தாகளாமே? வெட்டுக் குத்து ஏதும் ஆச்சா? யாருக்குத் தீர்ப்பு? கெணறு யாருக்கு? சொல்லுடி!"ன்னு வாசல்ல நின்னு பறக்குறாளுக.

"ஒண்ணும் இல்ல மதினி, எங்க மாமனாரு கட்டிலு ஒடிஞ்சுபோச்சு. பழைய கயிறு இருந்தாக் குடுங்க"ன்னேன்.